கேள்வியில் உடைந்த கண்ணாடி

கார்கள் மோதிக்கொள்ளும் சில குறும்படங்களைக் காட்டிவிட்டு, "எவ்வளவு வேகத்தில் வந்தன?" என்று கேட்டார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல் வெளியிட்ட சோதனை இது. பார்த்தவர்கள் 45 மாணவர்கள். எல்லோரும் பார்த்த படங்கள் ஒன்றுதான். கேள்வியில் இருந்த வினைச்சொல் மட்டும் மாறியது. கார்கள் "இடித்தபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 34 மைல் என்றார்கள். "மோதி நொறுங்கியபோது" என்றதும் வேகம் ஏறக்குறைய 41 மைலுக்கு ஏறியது. "தொட்டுக்கொண்டபோது" என்றால் 32-க்கு இறங்கியது.

வேகத்தைக் கண்ணால் அளப்பது கஷ்டம். கேட்டவர் தொனிக்கு ஏற்றபடி ஏதோ சொல்லியிருப்பார்கள் என்று இதைத் தள்ளிவிடலாம். உறுத்துவது அடுத்த சோதனை. வேறு 150 மாணவர்களுக்கு விபத்துப் படம் காட்டி, ஒரு வாரம் கழித்து மறுபடி அழைத்தார்கள். "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" படத்தில் கண்ணாடி எதுவும் உடையவில்லை. ஆனாலும் முந்தைய வாரம் "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "இடித்த" என்று கேட்ட 50 பேரில் 7 பேர்தான்.

யாரும் பொய் சொல்லவில்லை. கண்டதும் பிறகு காதில் விழுந்ததும் மனதுக்குள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்க உரியவராலேயே முடிவதில்லை.

சோதனைக்கூடத்தில் இது சுவாரஸ்யம். வெளியே விலை அதிகம். வட கரோலினாவில் 1984-ல் நடந்த பாலியல் வன்முறை வழக்கில், பாதிக்கப்பட்ட பெண் ரொனால்ட் காட்டன் என்பவரை முதலில் புகைப்படத்திலும் பிறகு அணிவகுப்பிலும் அடையாளம் காட்டினார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று போலீஸார் சொன்னதும் அவருக்கிருந்த தயக்கமும் போய்விட்டது. 1987-ல் மறுவிசாரணையின்போது உண்மைக் குற்றவாளியையே நேரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவரைப் பார்த்ததே இல்லை என்றார் அந்தப் பெண். 1995-ல் டி.என்.ஏ. சோதனை காட்டனை விடுவித்தது. அதற்குள் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் போயிருந்தன.

விடையை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்வியின் ஆபத்து இந்தியச் சட்டத்துக்குத் தெரியாததல்ல. தன் தரப்புச் சாட்சியிடம் வக்கீல் அப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம் என்றது 1872-ம் வருடத்துச் சாட்சியச் சட்டம். அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் இதை வைத்துக்கொண்டது. (குறுக்கு விசாரணையில் தாராளமாகக் கேட்கலாம், வக்கீல்கள் பிழைக்க வேண்டாமா?)

ஆனால் இந்தக் காவலெல்லாம் சாட்சிக் கூண்டில்தான். கூண்டேறும் முன்பே சாட்சி போலீஸுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எத்தனையோ முறை பதில் சொல்லியாகிவிடுகிறது. போலீஸ் வாக்குமூலத்தில் பொதுவாகப் பதில்தான் கதைபோல எழுதப்படுகிறது. இன்ஸ்பெக்டர் "இடித்ததா?" என்று கேட்டாரா, "நொறுக்கியதா?" என்று கேட்டாரா என்பது தாளில் ஏறுவதில்லை. விசாரணையை ஒலி, ஒளிப்பதிவு செய்யலாம் என்று 2009 முதல் சட்டத்தில் இடமிருக்கிறது. செய்யலாம் என்றுதான் இருக்கிறது, செய்ய வேண்டும் என்றல்ல.