கோழிக்கு எதுக்குங்க டாக்டர்?

வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் நாட்டுக்கோழி வாங்குபவர்களைக் கவனித்துப் பாருங்கள். இறக்கையை விரித்து, காலைத் திருப்பி, கொண்டையைத் தடவிப் பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு. காயம் இருந்தால் விலை இறங்கும். பாதிக் காயக் கோழிகள் சந்தைக்கே வருவதில்லை, அன்று ராத்திரியே குழம்பாகிவிடுகின்றன :-)

சிரிப்பு இருக்கட்டும். வேடசந்தூர், சாணார்பட்டி, ரெட்டியார்சத்திரம் பக்கம் வீட்டுக்கு நாலைந்து கோழி என்பது பெரும்பாலும் பெண்களின் கணக்கு. முட்டை விற்ற காசுதான் சிறுவாடு. அந்தக் கோழியை நாய் கவ்விவிட்டால் பஸ் செலவு, அரைநாள் கூலி எல்லாம் விட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? மாட்டுக்கு என்றால் 1962-க்கு போன் போடலாம். கொண்டை கிழிந்த சேவலுக்கு யார் போடுவார்? ஆக, வீட்டு வைத்தியம் அறியாமை இல்லை, சரியான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு தேற வேண்டுமானால் வைத்தியமும் சரியாக இருக்க வேண்டுமே!

அடிபட்டதும் முதல் வேலை மருந்து அல்ல, பஞ்சாரம். ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் அதையே கொத்தும், சின்னக் காயத்தைப் பெரிதாக்குவது பாதி நேரம் சொந்தக் கூட்டம்தான். கவிழ்த்து மூடி, நிழலில் வைத்து, தண்ணீர் காட்டினால் பயம் தணியும். பயத்திலேயே செத்துப்போகும் கோழிகள் உண்டு. ரத்தம் வந்தால் சுத்தத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசலாம். ஈ அண்டாது. இறக்கையின் அடியில் ஆழமான காயம் என்றால் மட்டும் உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது. அங்குள்ள எலும்பு உள்ளீடற்றது, காற்றுப் பைகளோடு தொடர்புடையது. வாயில் மடக்மடக்கென்று ஊற்றுவதும் ஆபத்து, நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது.

இதெல்லாம் பாட்டி வைத்தியம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி, மாட்டுப் புண்ணுக்குச் சொல்லும் மருந்தே குப்பைமேனி, பூண்டு, வேப்பிலை, மருதாணி, துளசி, மஞ்சள் சேர்த்து எண்ணெயில் காய்ச்சுவதுதான். புழு வைத்துவிட்டால் சீதா இலை அரைத்துப் பூசச் சொல்கிறார்.

கோபம் வருவது வேறு இடத்தில். வீட்டில் மிச்சமிருக்கும் காய்ச்சல் மாத்திரை, ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல்... அதில் பாதியைப் பிரித்துத் தவிட்டில் கலந்து போடுகிறார்களே, அது எந்தப் பாட்டி சொன்னது? மருந்தின் மிச்சம் முட்டைக்குள் போகும், அந்த முட்டை பிள்ளைகளின் தட்டுக்கு வரும். பண்ணைகளில் கண்டபடி போடுகிறார்கள் என்றுதான் 2019-ல் மத்திய அரசு கோலிஸ்டினைத் தடை செய்தது. பண்ணையைத் திட்டிக்கொண்டே கொல்லையில் அதையே செய்தால் எப்படி?

இன்னொன்று, காயம் எது, நோய் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கறுப்பாகப் பொருக்குக் கட்டினால் சண்டைக் காயம் என்று விட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அம்மை, கொசு பரப்பும். கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அங்கே மஞ்சள் ஒன்றும் செய்யாது. ஒன்றில் தொடங்கி தெருவையே காலி செய்துவிடும். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறார்கள். பஸ் செலவுகூட இல்லை. முகாம் அன்று காலையில் கூட்டைத் திறந்துவிடாமல் இருந்தால் போதும். திறந்துவிட்டால் அப்புறம் ஊசிக்காரர் வந்து நிற்கும்போது வேலி வேலியாகத் துரத்த வேண்டியதுதான்!