காற்றை அடைத்துவிட்டுக் குளிர்சாதனத்திற்கு நிதியா?



பத்து காவான் ஆலைச் சுவர்களில் லூவர் என்னும் சாய்தகடுகளைக் கண்டிருப்பீர்கள். காற்றை விட்டு மழையைத் தடுப்பதே அவற்றின் பணி. ஐரோப்பிய இஎன் 13030 சோதனையில் நொடிக்கு 13 மீட்டர் வேகக் காற்றோடு, மணிக்கு 75 மில்லிமீட்டர் மழையைப் பொழிந்து, உட்புகும் நீரை அளக்கின்றனர். ஜார்ஜ்டவுனில் 1998இல் எழுந்த 21 மாடி மெனாரா அம்னோவில், கட்டடக் கலைஞர் கென் யாங் சிறகுச் சுவர்களால் காற்றை உள்ளே திருப்பினார்.

வணிகக் கட்டடத்திற்கு இத்தனை அக்கறை! நம் வகுப்பறைக்கு?

கண்ணாடித் தகட்டுச் சன்னல்களை அலமாரியாலும் பதாகைகளாலும் நாமே மறைக்கிறோம். பின்னர், "வெப்பம் தாங்கவில்லை" என்று குளிர்சாதனத்திற்கு நிதி திரட்டுகிறோம். இது முறைதானா?

1984ஆம் ஆண்டின் மலேசியச் சீரான கட்டடத் துணைச் சட்டப்படி, வகுப்பறைத் தரைப்பரப்பில் 20 விழுக்காடு சன்னலும், 10 விழுக்காடு தடையற்ற காற்றுத் திறப்பும் வேண்டும். சாரல் அடிக்குமே என்பீர்கள். தகட்டைச் சாய்க்கலாம், உடைந்ததை மாற்றலாம். சன்னலையே மூடுவது தீர்வாகாது.

குளிர்சாதனம் கூடாதென்பதன்று என் வாதம். முதலில், இருக்கும் சன்னலைத் திறப்போம். மதிய வேளையில் மேசைமேல் தலைசாய்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடியுமுன், அவன் மூச்சுக்குக் காற்று உண்டா என்று பாருங்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு அளவுநாடாவோடு வாருங்கள்!