பேசாத தொலைபேசிக்கு வாடகை ஏன்?

வேண்டிய பொருளை வாங்கப் போனவன் தலையில் வேண்டாத பொருளையும் சேர்த்துக் கட்டிவிடுவது நேர்மையான வாணிகம் அன்று. 2021ஆம் ஆண்டிற் பால்மாத் தட்டுப்பாடு நிலவியபோது, வேறு சாமான்களையும் வாங்கினாலன்றிப் பால்மா தரமாட்டோம் என்று கடைக்காரர் சிலர் கூறியதை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று அதனை நிபந்தனை விற்பனை என்று பலரும் கண்டித்தனர். அதே நிபந்தனை தொலைத்தொடர்புத் துறையினுள் நுழையும்போது மட்டும் நாம் வாய் பொத்தி நிற்பது ஏன்?

வீட்டுக்கு இணையம் வேண்டும் என்று ஒருவர் விண்ணப்பிக்கின்றார். முதலிலே தொலைபேசி இணைப்பை எடுக்கவேண்டும். அதற்குரிய ஆரம்பப் பணத்தைக் கட்டவேண்டும். மாதந்தோறும் அதன் வாடகையையும் செலுத்தவேண்டும். அதன் பின்னரே இணையம் என்று விடை கிடைக்கின்றது. செப்புக்கம்பிக் காலத்தில் உலகின் பல நாடுகளில் வழங்கிய விடை இது. ஒளியிழைக் காலத்திலும் “பொதி” என்ற புதுப் பெயருடன் இது உலாவி வருகின்றது. சட்டைப் பையிற் கைத்தொலைபேசி இருக்க, மூலையில் மணியடிக்காத தொலைபேசி ஒன்றுக்கு வாடகை கட்டுவதால் யாருக்கு நன்மை?

இந்த நிபந்தனைக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டா என்று பார்ப்போம். செப்புக்கம்பியில் மனிதக் குரல் செல்வதற்கு 4 கிலோஹேர்ட்சுக்கு உட்பட்ட சிறு வழியே போதும். ஏ.டி.எஸ்.எல். முறையில் இணையத் தரவு அதற்கு மேலே, ஏறத்தாழ 1,100 கிலோஹேர்ட்சு வரையிலுள்ள வேறு வழியாற் செல்கின்றது. குரல் வழி மூடிக்கிடந்தாலும் தரவு வழி ஓடும். அதாவது, இணையத்துக்குக் கம்பி தேவை. தொலைபேசிச் சேவையும் இலக்கமும் தேவையல்ல. ஒளியிழையிலோ குரலே தரவாக மாறித்தான் பயணம் செய்கின்றது. அங்கே குரலுக்குத் தனி வாடகை கேட்பதற்கு நியாயம் இன்னும் குறைவு.

கம்பியை நாட்டவும் பேணவும் செலவாகாதா என்று நிறுவனங்கள் கேட்கலாம். செலவாகும் என்பதை நாம் மறுக்கவில்லை. வாய்க்காலைத் துப்புரவாக்கக் கமக்காரன் தன் பங்கைக் கொடுப்பதுபோல, கம்பியைப் பேணும் செலவையும் பாவனையாளர் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அச்செலவு ஒருமுறை, ஒரே கணக்கில், வெளிப்படையாக அறவிடப்படல் வேண்டும். வேண்டாத சேவையின் பெயரால் அதனை மறைத்து வாங்குவதையே நாம் எதிர்க்கின்றோம்.

பிற நாட்டு அனுபவம் நமக்குப் பாடமாகும். பிரித்தானியாவில் இணையக் கட்டணத்தைப் பெரிய எழுத்திலும் தொலைபேசிக் கம்பி வாடகையைச் சிறிய எழுத்திலும் போட்டு விளம்பரம் செய்துவந்தனர். 2016ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த ஆய்வொன்றில், விளம்பரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மாதாந்த மொத்தச் செலவைச் சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 23 பேர் மட்டுமே. அதே ஆண்டு ஒக்ரோபர் 31 முதல் கம்பி வாடகையையும் உள்ளடக்கிய ஒரே விலையையே விளம்பரத்திற் காட்டவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டில், வெறும் தொலைபேசி மட்டும் வைத்திருந்தோரின் மாத வாடகையை பி.ரி. நிறுவனம் 7 பவுண் குறைத்து 11.99 பவுணாக்கியது. முதியோரே பெரும்பாலும் அந்த அநியாய விலையைச் சுமந்திருந்தனர். கட்டுப்பாட்டு அமைப்பான ஒஃப்கொம் தலையிட்டதன் பின்னரே அக்குறைப்பு வந்தது என்பதைக் கவனிக்க.

அமெரிக்காவில், 2006ஆம் ஆண்டு இறுதியிற் பெல்சவுத் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொள்ள ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் அனுமதி கோரி நின்றது. தொலைபேசிச் சேவை வாங்காதவருக்கும் மாதம் 19.95 டொலருக்கு இணையம் தரவேண்டும் என்பது அவ்வனுமதியோடு ஏற்கப்பட்ட வாக்குறுதிகளுள் ஒன்று. அனுமதி கேட்டு வாசலில் நிற்கும் வேளையிற்றான் நிறுவனத்திடம் நியாயத்தைக் கேட்டுப் பெறலாம் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

நமது நிலைமை என்ன? வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் கம்பிகளையும் தூண்களையும் சிதைத்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே கைத்தொலைபேசி யாழ்ப்பாணத்தை எட்டியது. ஆகவே கம்பித் தொலைபேசியையே காணாத வீடுகள் வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் ஏராளம். அவ்வீட்டுப் பிள்ளை பாடம் படிக்கவும், வைத்தியர் நோயாளியின் அறிக்கையைப் பார்க்கவும், சட்டத்தரணி வழக்கேடுகளைத் தேடவும், வெங்காயம் கிண்டிய கமக்காரன் தம்புள்ளைச் சந்தை விலையை அறியவும் இன்று இணையம் வேண்டும். கம்பியில்லா நாலாந் தலைமுறை வீட்டு இணைப்பு உண்டு. ஆனால் அது கோபுரத்தின் தூரத்தையும் அதனைப் பங்கிடுவோர் தொகையையும் பொறுத்தது. மாலையிற் பலரும் கூடும்போது வேகம் தளர்கின்றது. 2025ஆம் ஆண்டு யூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கைக்கு வந்தது. அதன் விலை சாதாரண கமக்காரனின் கைக்கு எட்டுவதன்று. எனவே கம்பியும் ஒளியிழையும் நியாய விலையிற் கிராமத்துக்கு வந்தேயாகவேண்டும்.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1996இற் செய்யப்பட்ட திருத்தத்தாற் பிறந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நாம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். ஒன்று, குரற் சேவை வேண்டாதவருக்கு இணையத்தை மட்டும் தரும் திட்டம் எல்லா நிறுவனங்களிடமும் இருத்தல் வேண்டும். இரண்டு, ஆரம்பப் பணம், கருவி வாடகை, வரி யாவும் சேர்ந்த மொத்தத் தொகை முதலிலேயே சொல்லப்படல் வேண்டும். மூன்று, வாசல்வரை பழைய கம்பி கிடக்கும் வீட்டுக்குப் புதிய இணைப்பின் முழுப் பணத்தையும் கேட்டல் ஆகாது. கிடப்பதை மீள இணைப்பதும் புதிதாகத் தூண் நாட்டுவதும் ஒரே செலவல்லவே. நான்கு, ஒப்பந்தமும் கட்டணச் சிட்டையும் தமிழிலே தரப்படல் வேண்டும். 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. வாசித்து விளங்கமுடியாத தாளில் ஒப்பமிடும்படி எவரையும் கேட்பது முறையன்று.

நம் மக்களுக்கும் ஒரு சொல். கையொப்பம் இடுமுன் மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை மாதக் கட்டுப்பாடு, குரற் சேவையை விலக்க முடியுமா என்று கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பாது எழுத்தில் வாங்குங்கள். மற்றொன்றையும் மறவாதீர்கள். பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின் வந்தது. வீட்டில் மின் நின்றாலும் அது பேசிற்று. ஒளியிழைக் கருவியோ வீட்டு மின்னை நம்பியிருக்கின்றது. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளியைக் கண்டவர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை. முதியோரும் நோயாளரும் உள்ள வீடு பழைய தொலைபேசியை விரும்பி வைத்திருந்தால் அது அவர்கள் உரிமை. வைத்திருப்போர் மின்கலம் ஒன்றையும் தேடிக்கொண்டு மாறுவது விவேகம்.

விரும்புவோர் வைத்திருக்கட்டும், விரும்பாதோர் தலையில் ஏற்றவேண்டாம். நமது கோரிக்கை இவ்வளவே. இலவசமாக எதனையும் நாம் கேட்கவில்லை. வாங்கும் பொருளுக்கு விலை கொடுக்க நம் மக்கள் என்றும் பின்நின்றதில்லை. வாங்காத பொருளுக்கு விலை கொடுக்கும்படி கேட்பதை ஆணைக்குழு இனியும் பார்த்திருக்குமாயின், அது யாருக்காக அமைக்கப்பட்டது என்று மக்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.