மௌனம் செய்த வேலை

தைவான்காரர்களுக்குத் ‘தனி மக்கள்’ என்ற உணர்வை 1947 படுகொலைதான் தந்தது என்பார்கள். எனக்கென்னவோ, அதன்பின் வந்த மௌனத்துக்குத்தான் அதில் பெரிய பங்கு என்று படுகிறது.

பிப்ரவரி 27 அன்று தைபேயில், கள்ள சிகரெட் விற்ற ஒரு விதவையை அதிகாரிகள் அடித்தார்கள். திரண்ட கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஒருவர் பலி. மறுநாள் ஊரே கொதித்தது. மார்ச்சில் சீனாவிலிருந்து படை வந்திறங்கியது. செத்தவர்கள் 18,000 முதல் 28,000 வரை என்று 1992-இல் அரசு அறிக்கையே கணக்கிட்டது.

1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம். அப்பா ஏன் வரவில்லை என்று பிள்ளையிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத வீடுகள்! அடுத்த வருடமே மன்னிப்புக் கேட்டிருந்தால் காயம் ஆறியிருக்கலாம். அதிபர் லீ டெங்-ஹுய் கேட்டது 1995-இல். அதற்குள் இரண்டு தலைமுறை அதை மனசுக்குள்ளேயே வளர்த்துவிட்டது.

ஒன்று மட்டும் நெருடுகிறது. அந்த நாட்களில் சீனாவிலிருந்து வந்த சாதாரண ஜனங்களும் கும்பல்களிடம் அடிபட்டுச் செத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று தைவான்காரர்கள்தானே?