கஞ்ச மூச்சு

பாபநாசத்தில் ரயிலேறி சென்னை, அங்கிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அப்புறம் படகில் ஹாவ்லாக் தீவு (2018-லிருந்து ஸ்வராஜ் த்வீப்). பக்கத்து ஸீட் நண்பரும் நானும் போட்டிருக்கும் பிளான் இது.

''ரீப்ரீதர் மாட்டிக்கிட்டு முங்கணும் சார். குமிழியே வராது, மீன் மிரளாது!'' என்கிறார். குடமுருட்டியில் கடைசிப் படி தாண்டாத ஆசாமி. ரெண்டு பெண் குழந்தைகள் வேறு.

காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவிகிதம். இழுத்து விட்டாலும் சுமார் 16 மிச்சம். சாதாரண ஸ்கூபாவில் அது குமிழியாய்ப் போய்விடும். ரீப்ரீதர் கஞ்சன். விட்ட மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை சோடா லைமில் உறிஞ்சிவிட்டு, செலவான ஆக்ஸிஜனை மட்டும் சேர்த்து மறுபடி உங்களுக்கே தரும். 1878-லேயே ஹென்றி ஃப்ளூஸ் என்ற இங்கிலாந்துக்காரர் செய்துவிட்டார்.

வில்லங்கம் எங்கே தெரியுமா? நமக்கு மூச்சு முட்டுவது முக்கியமாக கார்பன் டை ஆக்ஸைடு ஏறுவதால். அதைத்தான் மெஷின் எடுத்துவிடுகிறதே! ஆக்ஸிஜன் குறைந்தால் முட்டாது, திணறாது. சுகமாக மயக்கம் வரும். தண்ணிக்கடியில்! மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு.

இதைச் சொன்னதும் மனுஷர் மத்தியானம் தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டார். இன்ஸ்ட்ரக்டர் கூடவே வரும் சாதாரண ஸ்கூபாவுக்கு இறங்கி வந்தாச்சு.

அதிலும் ஒரு சங்கடம். இரண்டு நாள் முங்கினால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஒரு நாள் எக்ஸ்ட்ரா லீவு. மேனேஜரிடம் நைட்ரஜன் பற்றி யார் பேசுவது என்று இப்போது சீட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறோம்.