சுண்ணாம்பு ஏரியின் மதகுகள்

1960-ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இருபத்தொரு வயது வாலிபன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது. உடனே ரணசிகிச்சை செய்தாக வேண்டும். அவனுக்கோ காலைப் பற்றிய கவலையைவிட மயக்க மருந்தைப் பற்றிய கவலையே பெரிதாயிருந்தது. தன் உறவினரில் பத்துப் பேர் ஈதர் மயக்கம் கொடுத்ததன் பிறகு மாண்டு போனார்கள் என்று அவன் சொன்னான். ஆகவே வைத்தியர்கள் ஈதரை விலக்கி, அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோத்தேன் என்னும் மருந்தைக் கொடுத்தார்கள். சுமார் பத்து நிமிஷத்துக்குள் ரத்த அழுத்தம் சரிந்தது; நாடி ஓட்டம் பிடித்தது; தேகம் அனலாய்க் கொதிக்கலாயிற்று. மருந்தை நிறுத்தி, உடலைச் சுற்றிப் பனிக்கட்டியை அடுக்கி, பிரம்மப் பிரயத்தனம் செய்த பிறகே பையன் கண் விழித்தான்.

டென்பரோ, லவெல் என்ற இரு வைத்தியர்கள் இந்தக் குடும்பத்தின் சோகக் கதையை அதே வருஷம் லண்டன் 'லான்ஸெட்' பத்திரிகையில் ஒரு சிறு கடிதமாக எழுதினார்கள். பத்துப் பேரைக் கொன்றது எது என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. விளங்குவதற்கு இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று. விடையைக் கேட்டால் நம் பாட்டிமார்கள் மோவாயில் கை வைத்துக் கொள்வார்கள். கொன்றது வெளியிலிருந்து வந்த விஷமன்று. அவர்களுடைய தசைகளுக்குள்ளேயே பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த சுண்ணாம்புச் சத்துத்தான்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் உள்ள மூலப் பொருளை விஞ்ஞானிகள் கால்ஷியம் என்கிறார்கள். வளர்ந்த மனிதன் உடம்பில் அது சுமார் ஒரு கிலோ எடை இருக்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கிவிடுகிறது. மீதி ஒரு பங்குதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். அவனை முதலில் கண்டுபிடித்தவர் லண்டன் வைத்தியர் ஸிட்னி ரிங்கர். தவளையின் இருதயத்தை வெளியே எடுத்து, உப்பு நீரில் வைத்து, அது வெகு நேரம் துடிப்பதைக் கண்டு 1882-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிறகுதான் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அந்த உப்பு நீர் காய்ச்சி வடித்த நீரில் தயாரித்ததன்று. நகரத்துக் குழாய்த் தண்ணீரில் கரைத்தது! சுத்தமான வடிநீரில் கரைத்துப் பார்த்தார். இருதயம் சோர்ந்து நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்தைத் துளி சேர்த்தார், மறுபடி துடித்தது. தாம் முதலில் எழுதியது தவறு என்று 1883-இல் தாமே பிரசுரம் செய்தார். விஞ்ஞானிகள் எல்லோருக்கும் அந்த மனம் வருவதில்லை.

கால்ஷியம் இல்லாவிட்டால் தசை சுருங்காது என்பது இதனால் தெரிந்தது. அப்படியானால் அதை நிறைய வைத்துக் கொண்டால் நல்லதுதானே என்று வாசகர்கள் எண்ணலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நம் உடம்பு கோடானு கோடி ஜீவ அணுக்களால் ஆனது. 'செல்' என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். அணுவைச் சுற்றியுள்ள நீரில் கால்ஷியம் எவ்வளவு செறிவாக இருக்கிறதோ, அணுவின் உள்ளே அதில் சுமார் பதினாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஜீவ அணு தன் வேலைக்கெல்லாம் பாஸ்பேட் என்னும் பொருளையே நாணயமாகச் செலவழிக்கிறது. கால்ஷியமும் பாஸ்பேட்டும் தாராளமாகச் சந்தித்தால் சேர்ந்து கல்லாய் இறுகிவிடும். எலும்பு உண்டாவதே அப்படித்தான். உள்ளே எலும்பு விளைந்தால் ஜீவன் ஏது? ஆகையால் ஆதி நாள் முதலே ஜீவ அணுக்கள் கால்ஷியத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திப் பழகிவிட்டன. வீடு இவ்வளவு வெறுமையாக இருப்பதால், கால்ஷியம் சிறிது நுழைந்தாலும் உடனே தெரியும். வெறும் கூடத்தில் விழுந்த ஊசியின் ஓசையைப் போல, அதுவே ஒரு சமிக்ஞை ஆகிவிட்டது.

அணுவுக்குள்ளேயே இந்தச் சத்தைச் சேமித்து வைக்கும் பைகளும் குழல்களும் உண்டு. அவற்றை ஓர் ஏரி என்று வைத்துக் கொள்வோம். சுற்றியுள்ள உள்நீர் தரிசு வயல். ஏரிக்கும் வயலுக்கும் நடுவே இரண்டு விதமான ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று மதகு, திறந்தால் கால்ஷியம் தானே பாயும். மற்றொன்று ஏற்றம், வயலில் பாய்ந்ததை மீண்டும் ஏரிக்கு இறைக்கும். மதகு திறக்க அதிகச் செலவில்லை. ஏற்றம் இறைக்கத்தான் கூலி வேண்டும். ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் ஒன்றைச் செலவழித்தால் இரண்டு கால்ஷியத் துகள்கள் ஏரிக்குத் திரும்பும். கணக்குப் பிசகுவதில்லை. தமிழில் ஸயன்ஸ் எழுத வராது என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதகும் ஏற்றமும் இருக்கிற பாஷையில் இந்த விஷயத்தைச் சொல்ல எனக்குச் சிரமமே தோன்றவில்லை.

இப்படி ஓர் உள் ஏரி இருக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது? 1947-இல் அமெரிக்காவில் ஹைல்பிரன் என்பவரும் அவர் மாணவரும் தவளைத் தசைநாரின் உள்ளே கால்ஷியத்தைச் செலுத்தி, அது சுருங்குவதைக் காட்டினார்கள். மறு வருஷமே இங்கிலாந்தில் ஏ. வி. ஹில் கணக்குப் போட்டு ஓர் ஆட்சேபம் எழுப்பினார். தசைநாரின் மேற்புறத்திலிருந்து எந்தப் பொருளும் நடுப்பகுதிக்கு மெல்ல ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள், தசை சுருங்கியே முடிந்துவிடுகிறதே, அது எப்படி என்பது அவர் கேள்வி. கால்ஷியம் வெளியிலிருந்து வரவில்லை, ஒவ்வொரு நாரின் பக்கத்திலும் ஏற்கெனவே காத்திருக்கிறது என்பதுதான் விடை. அந்தச் சேமிப்புப் பைகள் ஏ.டி.பி.யைச் செலவழித்துக் கால்ஷியத்தை உறிஞ்சுகின்றன என்று 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் டோக்கியோவில் எபாஷியும், ஜெர்மனியில் ஹாஸல்பாக், மகினோஸே என்ற இருவரும் நிரூபித்தார்கள். தசையைத் தளர்த்துவது ஏதோ அபூர்வமான இரசாயனம் என்று பலர் தேடிக் கொண்டிருந்த காலம் அது. இத்தனை எளிய உப்புச் சத்தா இதைச் செய்கிறது என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். யுத்தத்தில் சிதைந்த நாட்டில், சொற்பக் கருவிகளோடு உழைத்த எபாஷி தம் முடிவை விடவில்லை.

இனி மதகைத் திறப்பது யார் என்று பார்ப்போம். கை கால்களின் தசைகளில் விஷயம் சுலபம். நரம்பிலிருந்து வரும் மின்சாரத் துடிப்பு, தசைநாரின் மேல்தோல் உள்நோக்கி மடிந்த மெல்லிய குழாய்கள் வழியே ஆழத்துக்குச் செல்கிறது. அக்குழாயின் சுவரில் மின்சாரத்தை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது. அது மதகுக் கதவைத் தொட்டுக் கொண்டே நிற்கிறது. துடிப்பு வந்ததும் அசைகிறது. கதவும் கூடவே அசைந்து திறக்கிறது. கயிற்றை இழுத்து மணி அடிப்பது போலத்தான்.

இருதயத்தில் கதை வேறு. அங்கே கயிறு இல்லை. துடிப்பு வந்ததும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்ஷியம் உள்ளே கசிகிறது. அந்தக் கசிவு மதகில் பட்டதும் மதகு திறந்து, அதைவிடப் பல மடங்கு கால்ஷியம் ஏரியிலிருந்து பாய்கிறது. கால்ஷியமே கால்ஷியத்தை வெளியே அழைக்கிறது! இதை 1970-களில் பாபியாட்டோ என்பவர் மேல்தோல் நீக்கிய இருதய அணுக்களில் விரிவாக ஆராய்ந்தார். ஆனால் உடனே ஒரு சந்தேகம் எழுகிறதல்லவா? ஒரு மதகிலிருந்து வந்த வெள்ளம் அடுத்த மதகைத் திறக்கும். அது அதற்கடுத்ததைத் திறக்கும். முடிவில் ஏரி முழுவதும் ஒரே மூச்சில் காலியாகிவிடாதா? இருதயம் துடிப்புக்குத் தக்கபடி மெல்லவும் பலமாகவும் வேலை செய்வது எப்படி? இந்தப் புதிருக்கு 1993-இல் வழி பிறந்தது. கால்ஷியம் பட்டால் ஒளிரும் சாயத்தை இருதய அணுவில் ஏற்றிப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தபோது, இருளில் மின்மினிகளைப் போலச் சிறு பொறிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. மதகுகள் பல்லாயிரம் சிறு கூட்டங்களாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று போதிய தூரம் விட்டு அமைந்திருக்கின்றன. ஒரு பொறி சாதாரணமாக அடுத்ததைப் பற்ற வைப்பதில்லை. துடிப்பு வரும்போது எத்தனை பொறிகள் சேர்ந்து எழுகின்றனவோ, அவ்வளவுக்கு இருதயம் சுருங்குகிறது. இடைவெளி விட்டு வீடு கட்டினால் தீ பரவாது என்பது கூரை வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

திறந்த மதகு மூடுவது எப்படி என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்றும் வழக்கு உண்டு. ஏரியின் மட்டம் தாழ்ந்ததும் கதவு மூடிக் கொள்கிறது என்பது முக்கியமான ஒரு காரணம். ஏற்றத்தின் வேகத்தை அடக்க பாஸ்போலாம்பன் என்ற காவற்காரனும் இருதயத்தில் இருக்கிறான். நாம் பயந்தாலோ ஓடினாலோ அட்ரீனலின் ரத்தத்தில் கலந்து, இந்தக் காவற்காரனைச் சற்று விலகி நிற்கச் செய்கிறது. ஏற்றம் விரைகிறது, இருதயம் பலமாகச் சுருங்குவதோடு சீக்கிரம் தளரவும் செய்கிறது. தளராத இருதயத்தில் அடுத்த துடிப்புக்கு ரத்தம் நிரம்ப இடம் ஏது?

இந்த மதகுக்குப் பெயர் வைத்த கதை சுவாரஸ்யமானது. தென் அமெரிக்காவிலும் டிரினிடாட் தீவிலும் ரயானியா என்று ஒரு செடி வளர்கிறது. அதன் தண்டையும் வேரையும் பொடி செய்து பூச்சிகளைக் கொல்லப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள ரயனோடின் என்ற விஷம் நேரே இந்த மதகில் போய் ஒட்டிக் கொள்கிறது. ஆகையால் மதகுக்கே 'ரயனோடின் ஏற்பி' என்று பெயர் வந்துவிட்டது. விஷத்தின் பெயரை வீட்டுக் கதவுக்கு வைப்பது விஞ்ஞானிகளுக்குப் பழக்கமான காரியம். நம் நாட்டு நெல் வயல்களில் தண்டுத் துளைப்பானுக்கு இன்று இடுகிற குளோரான்ட்ரனிலிப்ரோல் என்ற மருந்தும் இதே மதகைத்தான் தாக்குகிறது. புழுவின் மதகு திறந்தபடியே நின்றுவிடும். தசைகள் செயலற்றுப் புழு தின்பதை நிறுத்திவிடும். பூச்சியின் மதகும் மனிதனின் மதகும் ஓரளவு வேறுபட்டிருப்பதால், பூச்சியைத் தாக்கும் அளவுக்கு அது நம்மைத் தாக்குவதில்லை.

தசைகளுக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்ல இது. கணையம் ஜீரண நீரைச் சுரக்க வேண்டுமானாலும் உள் ஏரி திறந்தாக வேண்டும். அங்கே மதகு வேறு வகை, ஐ.பி.3 என்ற சிறு தூதுவன் மேல்தோலிலிருந்து புறப்பட்டு வந்து கதவைத் தட்டுகிறான். கேம்பிரிட்ஜில் பெரிட்ஜும் அவருடைய கூட்டாளிகளும் 1983-இல் இதை வெளியிட்டார்கள். இந்தக் கதவு கொஞ்சம் கால்ஷியம் பட்டால் இன்னும் திறக்கும். அதிகம் பட்டால் மூடிக் கொள்ளும். 1970-களில் மெடாக்கா என்ற ஜப்பானிய மீனின் முட்டையில், ஜெல்லி மீனிலிருந்து எடுத்த ஒளிப் புரதத்தைச் செலுத்தி ஒரு காட்சியைக் கண்டார்கள். விந்து நுழைந்த இடத்தில் கால்ஷியத்தின் ஒளி எழுந்து, ஓர் அலையாக முட்டை முழுவதையும் கடந்து, எதிர்க்கோடியில் அடங்கியது. அந்த அலை ஓடிய பிறகே முட்டை கருவாக விழிக்கிறது. நம் ஒவ்வொருவர் வாழ்விலும் முதல் சமிக்ஞை கால்ஷியம் கொடுத்ததுதான்.

மெல்போர்ன் வாலிபனிடம் திரும்புவோம். அவன் குடும்பத்தைப் போலவே வெப்பம் ஏறி மடியும் பன்றிகள் சில இனங்களில் இருந்தன. வண்டியில் ஏற்றிச் சென்றாலே மிரண்டு, உடல் விறைத்து, கொதித்துச் செத்துவிடும். 1991-இல் கனடாவின் டொராண்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பன்றிகளின் தசை மதகைச் சோதித்தார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் கோத்த மாலை போன்றது அந்தப் புரதம். அதில் 615-ஆவது மணி ஒன்றுதான் மாறியிருந்தது! மனிதர்களிலும், இந்நோய் உள்ள குடும்பங்களில் பெரும்பாலானவற்றில், குற்றம் இதே மதகில் இருப்பது தெரிய வந்தது. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இத்தகைய மதகு சாதாரண நாட்களில் ஒழுங்காகவே நடந்து கொள்ளும். மனிதன் ஓடுவான், உழைப்பான், ஒரு குறையும் தெரியாது. ஈதர், ஹாலோத்தேன் போன்ற ஆவி மருந்துகள் பட்டதும் கதவு திறந்தபடி நின்றுவிடும். தசைகள் எல்லாம் இறுகும். ஏற்றங்கள் விடாமல் இறைக்கும். இறைத்தது மறுகணமே ஒழுகிவிடும். சுருங்குவதற்கும் இறைப்பதற்கும் ஏ.டி.பி. எரிந்து கொண்டே இருப்பதால் உடல் உலை போலக் காயும். அந்த அனல்தான் பத்து உயிர்களையும் குடித்தது.

இதற்கு மருந்து, தசைப்பிடிப்புக்கென்று செய்த டான்ட்ரோலீன் என்ற ஆரஞ்சு நிறத் தூளில் அகப்பட்டது. 1975-இல் தென் ஆப்பிரிக்காவில் ஹாரிஸன் என்ற வைத்தியர் அதைப் பன்றிகளுக்குச் செலுத்தினார். செத்துக் கொண்டிருந்தவை பிழைத்தன. அது மதகைப் பற்றி மூடச் செய்கிறது. முன்னெல்லாம் இந்நோய் கண்டால் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். மருந்து சமயத்தில் கிடைக்கும் இடங்களில் இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

ரணசிகிச்சைக்கு முதல் நாள் மயக்க மருந்து வைத்தியர் கட்டிலருகே வந்து, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தினால் ஆபத்து நேர்ந்ததுண்டா?" என்று கேட்பார். ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து இல்லை என்று தலையை ஆட்டிவிட வேண்டாம். சின்னத் தாத்தா ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டார் என்று வீட்டில் பேசிக் கொண்ட பழங்கதை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மெல்போர்ன் வாலிபன் சொன்னதும் அத்தகைய கதைதான்.