வேலியோரத்துச் சங்கஞ்செடி



போன ஞாயிறு, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன் (பையன் என்கிறேன், அவனுக்கே பேரன் வரப்போகிறது) மாமல்லபுரத்துக்குத் தெற்கே வாங்கிய மனையைக் காட்டக் கூட்டிப்போனான். ஜேசிபி தயாராக நின்றது. "முழுக்க சீமைக்கருவேலம் சார். இன்னிக்கே கிளீன் பண்ணிடலாம்" என்றான். கிட்டே போய்ப் பார்த்தேன். பாதிதான் கருவேலம். வேலியோரம் இடுப்பளவுக்கு அடர்ந்து நின்றது சங்கஞ்செடி.

இசங்கு, முட்சங்கு என்றும் சொல்வார்கள். கணுவுக்கு இரண்டு இலை, நான்கு முள். தாவரவியல் பெயர் அசிமா டெட்ராகாந்தா. 'டெட்ராகாந்தா' என்றாலே நான்கு முள் என்றுதான் பொருள். பழம் சின்னதாக வெள்ளையாக இருக்கும். ஆண்செடி வேறு, பெண்செடி வேறு என்பதால் எல்லாச் செடியும் காய்க்காது. ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களிலும் இதே செடி உண்டு. இங்கே நம் கடலோர மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே நிற்கிறது.

என் அக்காவுக்குப் பிரசவமானபோது பாட்டி இதன் இலையை அரைத்துக் கொடுத்தது நினைவிருக்கிறது. வாதத்துக்கும் இருமலுக்கும்கூட நாட்டு வைத்தியத்தில் சேர்ப்பார்கள். அதற்காக உடனே பறித்து அரைக்கக் கிளம்பிவிடாதீர்கள். சங்கங்குப்பி வேறு, சங்குப்பூ வேறு, இது வேறு. வாட்ஸ்அப்பில் ஒன்றின் படத்துக்கு இன்னொன்றின் பெயரைப் போட்டு அனுப்புகிறார்கள். சித்த மருத்துவரைக் கேட்காமல் எதையும் குடிக்க வேண்டாம். செடிகளைத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், செங்கல்பட்டு பக்கம் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் இருக்கிறது. 1986-இல் தொடங்கியது. அந்தப் பெண்களுக்குத் தெரிந்ததில் கால்பங்குகூட எனக்குத் தெரியாது.

சீமைக்கருவேலத்தை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது வெளியிலிருந்து வந்து பரவியது. ஆனால் ஜேசிபிக்கு எது வந்தது, எது இந்த மண்ணுடையது என்று தெரியாது. ஓட்டுபவருக்கு மணிக்கணக்கில் கூலி. நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை. பார்க்க வேண்டியது மனைக்காரர்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இப்படி மனை மனையாக வழித்துவிட்டு, பிறகு நர்சரியில் காசு கொடுத்து வெளிநாட்டுச் செடி வாங்கி வைக்கிறோம். சங்கஞ்செடியை எந்த நர்சரியிலும் நான் பார்த்ததில்லை.

"பாம்பு வருமே சார்" என்றான். வரலாம்தான். வீட்டை ஒட்டி வேண்டாம், எல்லையில் கத்தரித்து வேலியாக விடு என்றேன். கிழக்குப் பக்கம் ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்தான்.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். காம்பவுண்ட் சுவருக்குக் கடைக்கால் தோண்டும் அன்று நீயே நேரில் நின்று, அந்த வரிசையை விட்டு ஓரடி தள்ளித் தோண்டச் சொல்.